தொடாத பொம்மையும் பழசாகும்

வீட்டுக்கு வருகிறவர்கள் என் அலமாரியைப் பார்த்ததும் கேட்பது இரண்டே கேள்விதான். விலை எவ்வளவு, தொடலாமா. விலையை முதலில் சொல்லிவிட்டால் இரண்டாவது கேள்வி வருவதே இல்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றுவிடுகிறார்கள். அதனால் இப்போதெல்லாம் பொம்மையைக் கையில் கொடுத்துவிட்டு அப்புறம்தான் விலையைச் சொல்கிறேன்.

பால் ஜாயின்டட் டால், அதாவது பந்து மூட்டுப் பொம்மைகள் இவை. சேகரிப்பவர்கள் சுருக்கமாக பிஜேடி என்பார்கள். பள்ளிக்கூடத்தில் பந்துக் கிண்ண மூட்டு என்று படித்திருப்போமே, நம் தோளிலும் இடுப்பிலும் இருப்பது, அதே ஏற்பாடு இந்தப் பொம்மையின் முழங்கை, முழங்கால், மணிக்கட்டு எல்லா இடத்திலும் இருக்கும். உடம்பு பாலியூரித்தேன் ரெசின் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில் வார்த்த உள்ளீடற்ற துண்டுகள். திருகாணி கிடையாது, பசை கிடையாது. கழுத்திலிருந்து கால் வரைக்கும், ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கும் உள்ளே எலாஸ்டிக் கயிறு இழுத்துக் கட்டியிருக்கும். எஸ் வடிவக் கொக்கிகள் அதைப் பிடித்து நிறுத்தும். அந்த இழுவிசையில்தான் பொம்மை நிற்கிறது, உட்காருகிறது, கன்னத்தில் கை வைக்கிறது. விக்கைக் கழற்றலாம், கண்ணை மாற்றலாம், முகத்தில் தீட்டிய வண்ணத்தை அழித்துவிட்டு வேறு தீட்டலாம். பெரிய அளவு சுமார் 60 சென்டிமீட்டர், நடுத்தரம் 40 முதல் 45, சின்னது 25 முதல் 30 வரை. நடுத்தர அளவு வாங்கவே நம் பணத்தில் முப்பது, நாற்பதாயிரம் ரூபாய் ஆகிவிடும். பெரியது என்றால் கேட்கவே வேண்டாம்.

இவ்வளவு பணம் கொடுத்து வாங்கியதைக் கையில் எடுத்து விளையாடுவதா, கண்ணாடிக்குள் வைத்துப் பார்ப்பதா? இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சலிக்காமல் பேசும் விஷயம் இது. நான் எடுத்து விளையாடும் கட்சி. ஆனால் ‘பொம்மை என்றால் விளையாடத்தானே’ என்ற ஒற்றை வரியோடு நின்றுவிடுகிறவர்களோடும் எனக்கு ஒத்துப்போகாது. பொம்மையில் எது திரும்பக் கிடைக்கும், எது கிடைக்காது என்று பிரித்துத் தெரிந்துகொள்ளாமல் விளையாடுவது ஊதாரித்தனம். அதைத் தெரிந்துகொள்ளாமல் பூட்டி வைப்பதும் அதே அளவு ஊதாரித்தனம் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

கணவரின் வேலைக்காக டோக்கியோவில், நிஷிகசாய் பக்கம் சில வருடங்கள் இருந்தோம். இந்தியர்கள் நிறையப் பேர் வசிக்கும் பகுதி அது. ரயிலேறினால் அகிஹபாரா தூரமில்லை. மின்சாதனக் கடைகளுக்கும் அனிமே கடைகளுக்கும் பேர்போன அந்த இடத்தில்தான் இந்தப் பொம்மைகளை முதலில் பார்த்தேன். கடையில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தபோது ‘அழகாக இருக்கிறது’ என்பதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை. டோக்கியோ பிக் சைட் அரங்கில் நடக்கும் டால்ஸ் பார்ட்டி விற்பனை விழாவுக்கு ஒரு தோழி அழைத்துப்போனாள். அங்கே ஐம்பது வயதுப் பெண்மணிகள், கோட்டு போட்ட ஆண்கள், கல்லூரிப் பெண்கள் எல்லோரும் பொம்மையை இடுப்பில் சாய்த்துப் பிடித்தபடி வரிசையில் நின்றார்கள். ஒரு கை பின்னந்தலையில், இன்னொரு கை இடுப்புக்கு அடியில். யாரும் அடுத்தவர் பொம்மையைக் கேட்காமல் தொடவில்லை. கேட்டவர்களுக்கு யாரும் மறுக்கவும் இல்லை. என் கையில் ஒன்றைக் கொடுத்தார்கள். கனம்தான் முதலில் ஆச்சரியப்படுத்தியது. 60 சென்டிமீட்டர் பொம்மை ஏறக்குறைய இரண்டு கிலோ வரும். தலையைத் திருப்பினால் அது திரும்பிய இடத்தில் நின்றது.

இந்தப் பொம்மைகள் வந்த வழியைப் பார்த்தாலும் விளையாட்டுக் கட்சிக்குத்தான் பலம். ஜெர்மானியக் கலைஞர் ஹான்ஸ் பெல்மர் 1930-களில் பெர்லினில் செய்த மூட்டுப் பொம்மைகளைப் பற்றிய பத்திரிகைக் கட்டுரை ஒன்று 1965-ல் ஜப்பானில் வந்தது. அதைப் பார்த்த யொட்சுயா சிமோன் என்ற இளைஞர் தான் அதுவரை செய்துவந்த முறையையே விட்டுவிட்டு மூட்டுப் பொம்மைகள் பக்கம் திரும்பினார். அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் செய்தவை ஒவ்வொன்றும் தனிப்படைப்பு. காட்சிக்கூடத்தில் தள்ளி நின்று பார்க்க வேண்டியவை. 1999-ல் வோக்ஸ் நிறுவனம் சூப்பர் டால்ஃபி என்ற ரெசின் மூட்டுப் பொம்மையை வெளியிட்டதும் கதை மாறியது. 1972-ல் கியோட்டோவில் தொடங்கிய வோக்ஸ் அதுவரை கராஜ் கிட் வியாபாரத்தில் இருந்த நிறுவனம். கராஜ் கிட் என்றால் மாடல் உருவங்கள், ரெசின் துண்டுகளாக வரும். வாங்கியவரே பிசிறு தேய்த்து, ஒட்டி, வண்ணம் பூசிக்கொள்ள வேண்டும். அந்த ரெசினும் அந்த மனப்பான்மையும்தான் பொம்மைக்கு வந்து சேர்ந்தன. வாங்குகிறவர் கழற்றுவார், மாற்றுவார், தீட்டுவார் என்று எதிர்பார்த்துச் செய்த பொருள் இது. பிற்பாடு கொரியாவில் லட்ஸ், ஃபேரிலேண்ட், ஐபில்ஹவுஸ் என்று நிறையத் தயாரிப்பாளர்கள் வந்தபோதும் அந்த அமைப்பு மாறவில்லை.

கியோட்டோவின் சாகா, அராஷியாமா பக்கத்தில் வோக்ஸ் நடத்தும் ‘தென்ஷி நோ சாதோ’ என்ற இடம் இருக்கிறது. ஓவியர் தாகேயுச்சி செய்ஹோவின் பழைய மாளிகையும் தோட்டமும் அதன் பகுதி. பொம்மை வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கிக்கொண்டு போய்ப் படம் எடுப்பார்கள். தயாரித்தவர்களே இப்படி ஒரு இடத்தை வைத்துக்கொண்டு வாருங்கள் என்கிறார்கள். நாம் எதற்குப் பூட்டி வைக்க வேண்டும்?

இப்போது நாங்கள் சென்னையில் இருக்கிறோம். பொம்மைகளும் வந்துவிட்டன. இங்கே வெயில், புழுக்கம், கடற்காற்று, டைல்ஸ் தரை எல்லாம் இருக்கிறது. டோக்கியோவில் படித்த குறிப்புகளில் பாதி இங்கே போதாது.

மேலே சொன்ன பிரிவினைக்கு வருகிறேன். எலாஸ்டிக், கொக்கி, விக், கண், இமை முடி, உடை இவை எல்லாம் தேயும், அறுந்துபோகும், மங்கும். ஆனால் காசு கொடுத்தால் மறுபடி கிடைக்கும். ரெசின் அப்படி இல்லை. அதன் நிறம் ஒருமுறை போனால் போனதுதான். ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர், காற்றிலுள்ள ஆக்சிஜன், வெப்பம் மூன்றும் சேர்ந்து பாலியூரித்தேனை மெல்ல மெல்ல மஞ்சளாக்கும். ஜன்னலோரம் வைத்தால் வேகமாக, இருட்டில் வைத்தால் மெதுவாக. மெதுவாக என்றுதான் சொன்னேன், ஆகவே ஆகாது என்று சொல்லவில்லை. வெள்ளைத் தோல் பொம்மையில் மஞ்சள் சீக்கிரம் கண்ணில் படும். மாநிறப் பொம்மையில் மஞ்சள் அவ்வளவு தெரியாது, ஆனால் கீறல் வெள்ளைக் கோடாகப் பல்லிளிக்கும். இப்போதைய ரெசின்கள் பலவற்றில் புற ஊதாவைத் தாங்கும் சேர்மானம் உண்டு. அதுவும் தள்ளிப்போடுமே தவிர நிறுத்தாது.

பூட்டி வைத்தாலும் பழசாகும் என்பதை நான் கற்றது ஒரு பழைய பொருள் கடையில் வாங்கிய பொம்மையிடம். ‘ஒருமுறைகூட விளையாடாதது’ என்று எழுதியிருந்தார்கள். பொய் இல்லை. முகத்தில் ஒரு விரல் தடம்கூட இல்லை. ஆனால் தூக்கியதும் கைகால்கள் தொளதொளவென்று தொங்கின. எலாஸ்டிக் உள்ளேயே செத்துப்போயிருந்தது. கண்ணைப் பிடித்திருந்த புட்டி என்ற களிமண் போன்ற ஒட்டுப்பொருளிலிருந்து எண்ணெய் கசிந்து கண்குழியின் உட்பக்கம் கறையாகியிருந்தது. கறுப்பு வெல்வெட் உடையைக் கழற்றினால் தோளிலும் தொடையிலும் நீலம் பாய்ந்த சாம்பல் நிறத் திட்டுகள். அந்த உடையோடு எத்தனை வருடம் பெட்டிக்குள் படுத்திருந்ததோ. என் தோழியின் பொம்மை அதே காலத்தது. ஊர் ஊராகச் சுற்றியது, சுண்டுவிரல் நுனி ஒட்டவைத்தது. அதன் உடம்பில் ஒரு கறை இல்லை. அவள் அடிக்கடி உடை மாற்றுவாள், அவ்வளவுதான் ரகசியம். கையில் எடுப்பவர் கறையைத் தொடக்கத்திலேயே பார்த்துவிடுகிறார்.

சாயம்தான் என் பார்வையில் முதல் எதிரி, கீழே விழுவதைவிட. சிவப்பு, கறுப்பு, கருநீலம், அடர் பச்சை எல்லாம் சந்தேகத்துக்கு உரியவை. நான் ரவிக்கைத் துண்டிலும் பழைய சுங்குடியிலும் பாவாடை தைப்பேன். அளவு சின்னதாக இருப்பதால் கொஞ்சம் துணியே போதும், கரையும் அழகாக விழும். தைப்பதற்கு முன்னால் அலசுகிற தண்ணீர் தெளியும் வரை துவைக்க வேண்டும். தெளிந்தபின் துணியை ஈரமாகவே ஒரு வெள்ளைத் துணிக்கு நடுவில் மடித்து, மேலே கனமாக எதையாவது வைத்து, ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் வெள்ளைத் துணியில் நிறம் ஏறியிருந்தால் அந்தத் துணி பொம்மைக்கு ஆகாது. ஏறாவிட்டாலும் உள்ளே வெள்ளை மல்துணி லைனிங் கொடுத்துவிடுவேன். படம் எடுத்து முடித்ததும் அடர்நிற உடையைக் கழற்றிவிட வேண்டும். சென்னைப் புழுக்கத்தில் துணி எப்போதுமே கொஞ்சம் நமுத்துத்தான் இருக்கும். அந்த ஈரம் சாயத்தை ரெசினுக்குக் கடத்தும்.

கறை ஏறிவிட்டால், மேலோட்டமானது மெலமைன் ஸ்பாஞ்சை நனைத்து மெல்லத் தேய்த்தால் போகும். அது அழுக்கை உறிஞ்சுவதில்லை, நுண்ணிய உப்புத்தாள் மாதிரி மேற்பரப்பைத் தேய்க்கிறது. ஆகவே வண்ணம் தீட்டிய இடத்தில் பட்டால் வண்ணமும் போகும். ஆழமான கறைக்கு நிஜமான உப்புத்தாள்தான். தண்ணீரில் நனைத்தே தேய்க்க வேண்டும், முகக்கவசம் கட்டாயம். ரெசின் தூள் நுரையீரலுக்கு ஆகாது. நகச்சாயம் போக்கும் திரவத்தால் துடைக்கலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதிலுள்ள அசிட்டோன் ரெசினின் மேற்பரப்பையே கெடுக்கும்.

வினைல் பொம்மைகளின் கதை வேறு. ஜப்பானில் மென்மையான வினைல் தோலும் உள்ளே எலும்புக்கூடு போன்ற சட்டகமும் கொண்ட பொம்மைகளும் உண்டு. விழுந்தால் உடையாது என்று நிம்மதியாக இருக்கும். ஆனால் வினைல் சாயத்தை உள்ளுக்குள் குடித்துவிடும். தேய்த்து எடுக்க முடியாது. அவற்றுக்கு உடைக்குள் வெள்ளை உள்ளாடை இல்லாமல் எதையும் போடக்கூடாது.

அடுத்தது கை. வெள்ளைக் கையுறை போட்டுத்தான் தொட வேண்டும் என்று ஒரு சாரார் சொல்வார்கள். எனக்கு உடன்பாடில்லை. பருத்திக் கையுறையில் ரெசின் வழுக்கும். இரண்டு கிலோ பொம்மையை வழுக்கும் கையால் பிடிப்பதைவிட, சோப்பு போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்த வெறும் கையால் பிடிப்பது நல்லது. மோதிரம், வளையல், தொங்கல் எல்லாம் கழற்றிவிடுங்கள். என்னைப் பார்க்க வரும் அத்தை முதலில் வளையலைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுத்தான் கையை நீட்டுவார். மூக்குத்தியை நிறையப் பேர் மறந்துவிடுகிறோம். பொம்மையைக் கன்னத்தோடு அணைத்தால் அதுவும் கீறும். தேங்காயெண்ணெய், மருதாணி ஈரம், குங்குமம், சன்ஸ்கிரீன் எதுவும் கையில் இருக்கக்கூடாது. சமையலறையிலிருந்து நேராக வருகிறவர்களிடம் மட்டும் கண்டிப்பாக இருப்பேன். மஞ்சள்பொடிக் கறை வெயிலில் வைத்தால் வெளுக்கும் என்பது நம் வீட்டுப் பெண்களுக்கெல்லாம் தெரியும். ஆனால் இந்தப் பொம்மையை வெயிலில் வைக்க முடியாதே.

தூக்கும் விதத்தை முதலிலேயே பழக்கப்படுத்திக்கொள்ள வேண்டும். கையைப் பிடித்து இழுத்துத் தூக்கக்கூடாது. தலையைப் பிடித்தும் தூக்கக்கூடாது. விக் வழுக்கிக்கொண்டு வந்துவிடும், சில பொம்மைகளில் மண்டையின் மேல்மூடி காந்தத்தால்தான் ஒட்டியிருக்கும். ஒரு கை இடுப்பில், இன்னொன்று கழுத்துக்குப் பின்னால். முகத்தில் விரல் படக்கூடாது. புதிதாக எலாஸ்டிக் கட்டிய பொம்மை உதைக்கும். உட்காரவைக்கக் காலை மடக்கும்போது அது படக்கென்று நிமிர்ந்து உதைக்க, மேசையிலிருந்து தானே குதித்துவிடும். எங்கே உட்காரவைத்தாலும் கையை எடுக்கும் முன்னால் கொஞ்ச நேரம் பாருங்கள்.

தரையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஜப்பானிய வீட்டில் தாதாமிப் பாய் இருந்தது, விழுந்தாலும் பிழைக்கும். இங்கே டைல்ஸ். முதலில் போவது விரல்தான், அதற்கடுத்து கணுக்கால் விளிம்பு. ஆகவே எங்கள் வீட்டில் பொம்மை கையில் வந்தால் ஜமுக்காளம் விரித்தாக வேண்டும், அல்லது கட்டில்மேல் உட்கார வேண்டும். இது ஒன்றைச் செய்தாலே பாதி பயம் போய்விடும். விரல் உடைந்தால் துண்டைத் தேடி எடுத்து வையுங்கள். சூப்பர் குளூ என்று விற்கும் உடனொட்டிப் பசையில் ஒரு பொட்டு போதும். கோடு தெரியும், ஆனால் கை முழுதாக இருக்கும். பல தயாரிப்பாளர்கள் கைகளைத் தனியாகவும் விற்கிறார்கள். வாங்கும்போதே ஒரு ஜோடி கூடுதலாக வாங்கிவைத்தால் தைரியமாக விளையாடலாம். நிறம் பொருந்த வேண்டும் என்றால் சேர்ந்தே வாங்குவதுதான் நல்லது. வருடம் கழித்து வாங்கும் கை புது நிறத்தில் வரும், உங்கள் பொம்மை அதற்குள் கொஞ்சம் நிறம் மாறியிருக்கும்.

எலாஸ்டிக் மாற்றுவதைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் அதிகம். உடம்பு முழுக்கத் துண்டு துண்டாகக் கிடக்கும் காட்சி கொஞ்சம் திகிலாகத்தான் இருக்கும், மறுப்பதற்கில்லை. பழைய கயிற்றின் நீளத்தைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டே கழற்றுங்கள். பெரிய பொம்மைக்குச் சுமார் 4 மில்லிமீட்டர் தடிமன், நடுத்தரத்துக்கு 3, சின்னதுக்கு 2 என்பது பொதுவான கணக்கு. இழுத்துப் பிடிக்கக் குரோஷா ஊசி உதவும். மருத்துவப் பொருள் கடையில் கிடைக்கும் ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் அதைவிட உதவும், பல்லைக் கடித்துப் பிடித்துக்கொள்ளும். இழுத்த வளையம் உள்ளே ஓடிவிடாமல் குறுக்கே ஒரு பென்சிலைச் செருகி நிறுத்திவிட்டுக் கொக்கியை மாட்டலாம். டோக்கியோவில் நெடுநாள் உழைத்த எலாஸ்டிக் சென்னை வெப்பத்தில் சீக்கிரமே தளர்கிறது. கடற்காற்றில் கொக்கி துருப்பிடிக்கும், துரு மணிக்கட்டுக்குள் பழுப்பாக இறங்கும். நான் எல்லாக் கொக்கிகளையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாற்றிவிட்டேன்.

பொம்மை நிற்காமல் வழுக்குகிறது என்றால் உடனே எலாஸ்டிக்கை இறுக்காதீர்கள். மிகை இறுக்கம் மூட்டின் விளிம்பைத் தின்றுவிடும். மூட்டுக் கிண்ணத்தின் உட்புறம் மெல்லிய தோல் துண்டு ஒட்டினால் உராய்வு கூடி, வைத்த இடத்தில் நிற்கும். ரெசினும் ரெசினும் நேரடியாக உரசாததால் மூட்டுக்கும் பாதுகாப்பு. விளையாடுவதற்காகச் செய்யும் வேலை பாதுகாப்பாகவும் அமைவது இதில் எனக்குப் பிடித்த விஷயம். யாராவது நீண்ட காலம் பெட்டியில் வைத்தே தீர வேண்டும் என்றால் எலாஸ்டிக்கைத் தளர்த்திவிட்டு, கண்ணையும் விக்கையும் தனியே எடுத்து, சாயமில்லாத வெள்ளைத் துணியில் சுற்றி வையுங்கள். இரும்பு அலமாரி வெயில் சுவரை ஒட்டி இருந்தால் அது வேண்டாம். அந்துருண்டையும் வேண்டாம், அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கிவிடும். மோஹேர் என்ற ஆட்டுமுடியில் செய்த விக்குக்கு அந்துப்பூச்சி வரும் என்று பயமாக இருந்தால் அடிக்கடி எடுத்து உதறிச் சீவுவதே போதும். அதுவும் விளையாட்டுதானே.

முகம்தான் சிக்கலான இடம். ஃபேஸ்அப் என்று சொல்லும் முகவண்ணம் முழுக்க மேல்பூச்சுதான். முதலில் மேட் ஸ்பிரே, அதன்மேல் தூளாக உரசிய சாக் பேஸ்டல், அக்ரிலிக் புருவக் கோடுகள், நடுநடுவே மறுபடி ஸ்பிரே. இந்தத் துறையில் எல்லோரும் சொல்லும் பெயர் மிஸ்டர் சூப்பர் கிளியர். ஜப்பானிய லாக்கர் ஸ்பிரே அது, புற ஊதாவைத் தடுக்கும் வகையும் உண்டு. புகை கடுமையானது. துணி முகக்கவசம் ஒன்றுக்கும் உதவாது. கரிம ஆவியை வடிகட்டும் கார்ட்ரிட்ஜ் போட்ட ரெஸ்பிரேட்டர் வேண்டும், வேலையும் திறந்தவெளியில்தான். ஈரப்பதம் அதிகமான நாளில் அடித்தால் பூச்சு பால் மாதிரி வெளுத்துவிடும். சென்னையில் ஈரப்பதம் குறைவான நாள் எது? பிற்பகல் வெயிலில், கடற்காற்று வருவதற்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி கிடைக்கும், அவ்வளவுதான். ஸ்பிரே டப்பாவை விமானத்தில் கொண்டுவரவும் முடியாது, தீப்பிடிக்கும் பொருள். அதனால் இப்போது ஏர்பிரஷால் நீர்சார்ந்த மேட் வார்னிஷ் அடிக்கிறேன். பேஸ்டல் அதில் அவ்வளவு நன்றாகப் பிடிப்பதில்லை. ஆனால் அழிந்தால் நானே திரும்பத் தீட்டிக்கொள்வேன் என்பதால் முகத்தைப் பற்றிய பயம் போய்விட்டது.

எல்லா முகத்துக்கும் இதைச் சொல்ல முடியாது. என்னிடம் இருக்கும் பெரிய பொம்மையின் முகத்தை ஒரு ஜப்பானிய ஓவியர் தீட்டினார். புருவத்தின் ஒவ்வொரு மயிரும் தனித்தனிக் கோடு. அவர் இப்போது வெளியாட்களுக்குத் தீட்டுவதில்லை. ரெசினைவிட அந்த வண்ணம்தான் திரும்பக் கிடைக்காத பொருள். ஆக நான் போட்ட பிரிவினை எல்லாப் பொம்மைக்கும் ஒரே மாதிரி இல்லை, அவரவர் பொம்மையில் எது என்று அவரவரே பார்க்க வேண்டும். அந்தப் பொம்மைக்கு நான் இரண்டாவது தலை ஒன்று வாங்கினேன். வெளியே போகும்போது, விருந்தாளி வரும்போது, நானே தீட்டிய தலை. ஓவியரின் தலை பிளாஸ்டிக் முகமூடி போட்டு, இருட்டு அலமாரியில். முகமூடி என்பது பல பொம்மைகளோடு பெட்டியிலேயே வரும் மெல்லிய கவசம், தூக்கிப்போட்டுவிடாதீர்கள். குமிழ் உறையை வண்ணம் தீட்டிய முகத்தில் நேரே சுற்றக்கூடாது. வெப்பத்தில் குமிழின் வட்டம் வட்டமான தடம் பூச்சில் பதியும்.

விற்பதற்காக வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது பொருந்தாது. சான்றிதழ், பெட்டி, உடை எல்லாம் கலையாமல் இருந்தால் விலை நிற்கும். கைபட்டது கொஞ்சம் இறங்கும். அது வேறு கணக்கு, அதில் தப்பில்லை. விற்கிற எண்ணமே இல்லாதவர்கள் அந்தக் கணக்கைப் பார்த்துப் பயப்படுவதுதான் எனக்குப் புரிவதில்லை.

குழந்தைகள் விஷயம். பெரும்பாலான பெட்டிகளில் 14, 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று போட்டிருக்கும். சும்மா போடவில்லை. கண்ணாடிக் கண் கழன்று விழும், தலைக்குள்ளும் மணிக்கட்டிலும் சின்னக் காந்தங்கள் இருக்கும். விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. வாயில் எதையும் போடும் வயதுக் குழந்தை வீட்டில் இருந்தால் விவாதமே இல்லை, மேல்தட்டில் வைத்துப் பூட்டுங்கள். ஆனால் அக்கா மகள் எட்டு வயதுக்காரி, அவளுக்கு நான் மறுப்பதில்லை. அவளுக்கென்று சின்ன அளவுப் பொம்மை ஒன்று, மேலே சொன்ன பழைய பொருள் கடையில் வாங்கியது அல்ல, ஏற்கெனவே மஞ்சளாகிப்போய் மலிவாகக் கிடைத்தது. காந்தம் இல்லாதது. கண்ணைப் புட்டிக்குப் பதிலாக நன்றாக ஒட்டிவிட்டேன். ‘சித்தி, இவளுக்குக் கால் வலிக்குது, எலாஸ்டிக் லூசா இருக்கு’ என்று அவளே வந்து சொல்கிறாள். தொடாதே என்று சொன்ன பிள்ளைகள்தான் ஆள் இல்லாத நேரத்தில் அவசர அவசரமாகத் தொட்டுக் கீழே போடுகிறார்கள். விக் மாற்றுவதை அவள் வேலையாகக் கொடுத்ததும் அவசரம் போய்விட்டது.

எங்கள் பாட்டி வீட்டுக் கொலுவில் மண்பொம்மைகளைக் கிட்டே போய் மூச்சுவிடக்கூட விடமாட்டார்கள். மரப்பாச்சி ஜோடி மட்டும் எங்கள் கைக்கு வரும். செம்மரம், பல தலைமுறைக் கைபட்டுக் கறுத்து வழவழவென்று இருக்கும். ஒவ்வொரு நவராத்திரிக்கும் புதுத்துணி சுற்றுவோம், மற்ற நாளில் அதோடு விளையாடுவோம். அதற்கும் கொலுவில் முதலிடம்தான். ரெசின் பொம்மை செம்மரம் போல உழைக்காது, ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் இரண்டில் எந்தப் பக்கம் இதைச் சேர்ப்பது என்று கேட்டால் மரப்பாச்சி பக்கம்தான் சேர்ப்பேன்.

வெளியே எடுத்துப்போவதைப் பற்றி ஒன்றிரண்டு. காருக்குள் விட்டுவிட்டு இறங்காதீர்கள். மூடிய கார் மே மாதத்தில் அடுப்பு. விமானத்தில் என்றால் கைப்பையில்தான், செக்-இன் பெட்டியில் போடவே கூடாது. தலையைக் கழற்றித் தனியாகச் சுற்றிவைத்தால் முகம் தப்பிக்கும், ஆனால் எக்ஸ்ரே திரையில் அது எப்படித் தெரியும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். விமான நிலையத்தில் பாதுகாப்புப் பெண் அதிகாரி திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பையைத் திறந்து காட்டினேன். கையுறையைக் கழற்றிவிட்டு, ‘முடி நிஜமா?’ என்று கேட்டார்.

கடற்கரையில் படம் எடுக்க ஆசை எல்லோருக்கும் வரும். எலியட்ஸ் கடற்கரையில் விடியற்காலை வெளிச்சம் ரெசினுக்கு அவ்வளவு அழகு, வெயிலும் ஏறியிருக்காது. மணலில் நேரே உட்காரவைக்காமல் அடியில் துண்டு விரியுங்கள். மணல் மூட்டுக்குள் போனால் கையைக் காலை அசைக்கக்கூடாது, அசைத்தால் கிண்ணம் முழுக்கக் கீறும். அப்படியே அசைக்காமல் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, எலாஸ்டிக்கைக் கழற்றி, துண்டுகளைத் தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்துவிட்டுக் கட்டுங்கள். தலையை மட்டும் தண்ணீரில் போடாமல் மென்மையான தூரிகையால் தட்டிவிட்டால் போதும்.